கான்ஃபிராங்க்: ஒரு சாண் வித்தியாசத்துக்காகக் கட்டிய மலை ஸ்டேஷன்

ஸ்பெயினின் அரகோன் மாநிலம், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய பிரனீஸ் மலை. அங்கே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,195 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கான்ஃபிராங்க் ஸ்டேஷன். கட்டடத்தின் நீளம் 241 மீட்டர். சன்னல்கள் 365, ஆண்டின் நாளுக்கு ஒன்று என்று ஊரில் சொல்வார்கள். இத்தனை சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய ஸ்டேஷன் எதற்கு என்று யாருக்கும் தோன்றும். அரசாங்கத்தின் ஆடம்பரம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி தண்டவாளத்தில் இருக்கிறது.

பிரான்ஸில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1,435 மி.மீ. ஸ்பெயினில் இன்றைய அளவு 1,668 மி.மீ. வித்தியாசம் 233 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு சாண். இதனால் இந்தப் பக்கத்து வண்டி அந்தப் பக்கம் போக முடியாது. பிரெஞ்சுப் படை ரயிலேறி வந்துவிடக் கூடாது என்று ஸ்பெயின் வேண்டுமென்றே அகலத்தை மாற்றியது என்றொரு கதை உண்டு. 1844-இல் ஸ்பானியப் பொறியாளர்கள் கொடுத்த அறிக்கையில் இருக்கும் காரணம் வேறு: மலைநாட்டில் இழுக்கப் பெரிய கொதிகலன் உள்ள எஞ்சின் வேண்டும், அதற்குப் பாதை அகலமாக இருக்கட்டும் என்றார்கள். ராணுவம் எல்லையில் கோட்டை கட்டியது நிஜம். ஸ்டேஷனுக்கு மேலே பாறையில் நிற்கும் கோல் தெ லத்ரோனெஸ் கோட்டை அதற்குச் சாட்சி. ஆனால் அகலத்தைத் தீர்மானித்தது ராணுவம் அல்ல.

ஆகவே கான்ஃபிராங்க் ஒரே கூரையின்கீழ் இரண்டு ஸ்டேஷன். கட்டடத்தின் ஒரு பக்கம் ஸ்பானிய அகலத்தில் பிளாட்பாரம், மறுபக்கம் பிரெஞ்சு அகலத்தில். பயணி ஒரு வண்டியிலிருந்து இறங்கி, இரு நாட்டுச் சுங்கத்தையும் போலீசையும் தாண்டி, மறுபக்கம் போய் அடுத்த வண்டி ஏற வேண்டும். நிலம் ஸ்பெயினுடையது என்றாலும் பிரெஞ்சு அலுவலகங்களும் உள்ளேயே இருந்தன. இரண்டு தரப்புக்கும் தனித்தனி அறைகள், நடுவில் பொது மண்டபம், தங்க ஹோட்டல் என்று சேர்த்துப் பார்த்தால் 241 மீட்டர் அவ்வளவு வியப்பாகத் தெரியாது. சரக்குக்கு இதைவிடப் பாடு. ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற நீண்ட கொட்டகைகள் இருந்தன. ஆரஞ்சுப் பெட்டியானாலும் தானிய மூட்டையானாலும் இங்கே ஒருமுறை கைமாறித்தான் ஆக வேண்டும்.

இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டது 1904-இல். சோம்போர்ட் மலையைக் குடைவது 1908-இல் தொடங்கியது. 7,875 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தை இரு பக்கமிருந்தும் குடைந்து வந்தவர்கள் 1912-இல் சந்தித்தார்கள். எல்லைக்கோடு சுரங்கத்துக்குள்ளேயே போகிறது. வெட்டி எடுத்த பாறையை வீணாக்கவில்லை. குறுகிய பள்ளத்தாக்கில் ஸ்டேஷனுக்குச் சமதளம் வேண்டுமே, பள்ளத்தை நிரவ அந்தப் பாறையையே கொட்டினார்கள். அரகோன் ஆற்றையும் கரைகட்டித் திருப்பினார்கள். அடுத்த ஆபத்து சரிவில் இருந்தது. மழைக்காலத்தில் ஓடைகள் கல்லும் மண்ணுமாகப் பாய்ந்து வரும், குளிர்காலத்தில் பனிச்சரிவு. வனத்துறைப் பொறியாளர்கள் ஓடைகளில் தடுப்பணையும் சரிவுகளில் கல்சுவரும் கட்டி, மரங்களை நட்டார்கள். இன்று ஸ்டேஷனுக்குப் பின்னால் இயற்கையாக வளர்ந்ததுபோல் நிற்கும் காட்டில் பெரும்பகுதி அப்படி நட்டது. என்னைக் கேட்டால், கட்டடத்தைவிட இந்த வேலைதான் பெரிய சாதனை. படம் எடுப்பவர்கள் யாரும் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை.

நடுவில் முதல் உலகப்போர் வந்து எல்லாம் தாமதமாகி, 1928 ஜூலை 18 அன்று ஸ்பெயின் மன்னர் 13-ஆம் அல்ஃபோன்சோவும் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் காஸ்தோன் தூமெர்க்கும் சேர்ந்து திறந்துவைத்தார்கள்.

வண்டி ஓடத் தொடங்கியபோதே நஷ்டம் காத்திருந்தது. பிரனீஸின் இரு முனைகளிலும் கடலோரமாக, எல்லையின் இருபுறத்து ஊர்களை இணைக்கும் இரூன்–ஆந்தாய், போர்ட்போ–செர்பேர் என இரண்டு ரயில் வழிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே திறந்துவிட்டன. அங்கேயும் அகலம் மாறும், சரக்கை மாற்ற வேண்டும். ஆனால் மலை ஏற வேண்டாம். இங்கே பிரெஞ்சுப் பக்கத்தில் பெதூஸ் என்ற ஊருக்கு மேலே ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு 43 மீட்டர் வரை. பல்சக்கரம் இல்லாத சாதாரணத் தண்டவாளத்தில் இது மிகக் கடுமை. இடையில் ஓரிடத்தில் உயரம் பிடிப்பதற்காகவே மலைக்குள் வட்டமடித்து ஏறும் சுரங்கம் ஒன்று உண்டு. நீராவி எஞ்சினை நம்பாமல் 1,500 வோல்ட் மின்பாதை போட்டார்கள், மின்கம்பி சுரங்கம் வழியாக ஸ்டேஷன் வரை வந்தது. அப்படியும் ஒரு வண்டி இழுக்கக்கூடிய சரக்கு கடலோரப் பாதையைவிடக் குறைவுதான்.

இந்தப் பாதைக்கு வேலை வந்தது இரண்டாம் உலகப்போரில். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியாவிலிருந்து வோல்ஃப்ரம் எனும் டங்ஸ்டன் தாது ஜெர்மனிக்குப் போனது. கவசத்தைத் துளைக்கும் குண்டுக்கும் கடினமான வெட்டுக்கருவிக்கும் அது வேண்டும். எதிர்த்திசையில் தங்கம் வந்தது. 2000-ஆம் ஆண்டில் ஸ்டேஷன் வளாகத்தில் கிடைத்த பழைய காகிதங்களின்படி, 80 டன்னுக்கு மேல் தங்கம் இவ்வழியே வந்திருக்கிறது, அதில் பெரும்பங்கு போர்ச்சுகலுக்கு. 1942 நவம்பர் முதல் ஜெர்மானியக் காவல் ஸ்டேஷனிலேயே இருந்தது. அவர்கள் கண்ணெதிரிலேயே பிரெஞ்சுச் சுங்கத் தலைவர் ஆல்பெர் லெ லே தப்பியோடுவோருக்கும் நேசநாடுகளின் ரகசியத் தகவலுக்கும் வழி செய்துகொண்டிருந்தார். 1943-இல் சிக்கும் நிலை வந்ததும் தப்பிவிட்டார்.

முடிவு 1970 மார்ச் 27. மக்காச்சோளம் ஏற்றி மேலே ஏறிக்கொண்டிருந்த பிரெஞ்சு சரக்கு ரயில் வழுக்கும் தண்டவாளத்தில் ஏற முடியாமல் நின்று, பின்னோக்கி உருண்டது. லெஸ்தாங்கே பாலத்தில் தடம்புரண்டு பாலத்தையே உடைத்தது. உயிரிழப்பு இல்லை. பாலம் சின்னதுதான், திரும்பக் கட்டுவது பெரிய விஷயமல்ல. ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடிய பாதைக்குக் கட்ட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஸ்பானியப் பக்கம் மட்டும் நிற்கவே இல்லை. சரகோசாவிலிருந்து உவெஸ்கா, ஹாக்கா வழியாக டீசல் வண்டி இன்றும் வருகிறது. நாளுக்கு ஓரிரு நடைதான், வேகமும் குறைவு. அவசரமென்றால் ஹாக்காவிலிருந்து பேருந்து பிடிப்பதே மேல். பாதையில் வேலை நடக்கும் காலங்களில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள் என்பதால் டிக்கெட்டில் அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். வண்டி நிற்பது பழைய கட்டடத்தில் அல்ல, 2021-இல் திறந்த புதிய சிறு ஸ்டேஷனில். பழைய கட்டடம் 2023 ஜனவரி முதல் 104 அறை கொண்ட ஹோட்டல். அங்கே தங்காதவர்கள் வழிகாட்டியோடு போகும் சுற்றில் சேர்ந்து மண்டபத்தைப் பார்க்கலாம். கோடையில் இடம் முன்கூட்டியே நிரம்பிவிடும்.

பழைய ரயில் சுரங்கத்துக்கு இன்று இரண்டு வேலை. 2003-இல் திறந்த சாலைச் சுரங்கம் பக்கத்திலேயே போகிறது, அதற்கு இதுதான் அவசர வெளியேறும் வழி. இன்னொன்று, மலைக்கு அடியில் சுமார் 800 மீட்டர் பாறையின் கீழ் இயங்கும் கான்ஃபிராங்க் நிலத்தடி ஆய்வகம். மேலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களைப் பாறை வடிகட்டிவிடுவதால், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் (dark matter), நியூட்ரினோ எனும் நுண்துகள் போன்றவற்றின் அரிய தடயங்களைத் தேட இங்கே கருவிகள் வைத்திருக்கிறார்கள். அனாயிஸ் என்ற சோதனையில் 112.5 கிலோ சோடியம் அயோடைடு படிகம் கரும்பொருளின் தடயத்துக்காகக் காத்திருக்கிறது.

பிரான்ஸிலிருந்து வருவோருக்கு ஒலோரோன்–பெதூஸ் பகுதி 2016-இல் மறுபடி திறந்துவிட்டது. பெதூஸுக்கும் கான்ஃபிராங்குக்கும் நடுவே சுமார் 33 கி.மீ. மட்டும் ரயில் இல்லை, அதற்குப் பேருந்து. அதையும் திறக்க வேண்டும் என்று இருபுறமும் பேசுகிறார்கள். பாலத்தை மட்டும் கட்டினால் போதாது: செங்குத்தான பாதையையும் மின்கம்பியையும் புதிதாகப் போட வேண்டும், சாலைச் சுரங்கத்துக்கு வேறு வெளியேறும் வழி கண்டுபிடிக்க வேண்டும், ஆய்வகத்துக்கு இடைஞ்சல் வராமலும் பார்க்க வேண்டும். இவற்றைத் தாண்டினாலும் அந்த ஒரு சாண் மீதியிருக்கும்; ஸ்பானியப் பக்கத்தில் 1,435 மி.மீ. பாதை போடாதவரை பயணி கான்ஃபிராங்கில் வண்டி மாறித்தான் ஆக வேண்டும்.