மட்டையில் சிக்கிக்கொள்ளும் பந்து

நிரலாக்கம் புதிதாகக் கற்பவர்களிடம் பகா எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்வதைவிட, ஒரு பந்தும் இரண்டு மட்டைகளும் கொண்ட எளிய விளையாட்டை உருவாக்கச் சொல்வதே மேல் என்று நான் கருதுகிறேன். விளையாட்டு தரும் உற்சாகம் இதற்குக் காரணமன்று, அது விரைவில் வடிந்துவிடும். நிரலில் உள்ள பிழை அங்கே கண்ணெதிரே அசைந்து காட்டுகிறது என்பதே காரணம்.

1972இல் அடாரி நிறுவனம் வெளியிட்ட, இதே வகையான பாங் விளையாட்டும், புதிதாகப் பணியில் சேர்ந்த ஆலன் அல்கார்னுக்கு நிறுவனர்களில் ஒருவரான நோலன் புஷ்னல் கொடுத்த பயிற்சி வேலையாகத்தான் தொடங்கியது. (அதில் நிரலே கிடையாது, முழுவதும் மின்சுற்று என்பது வேறு கதை.)

பந்து மட்டையைத் தொட்டால் அதன் கிடைமட்ட வேகத்தின் குறியை (+ அல்லது −) மாற்றி எதிர்த்திசையில் திருப்ப வேண்டும் என்று மாணவர் எழுதுகிறார். பெரும்பாலும் அது சரியாகவே நடக்கும். ஆனால் மட்டையின் ஓரம் மேலிருந்து பந்தின்மீது இறங்கிவிட்டால், ஒவ்வொரு பிரேமிலும் (திரையில் அடுத்தடுத்து வரையப்படும் ஒவ்வொரு படத்திலும்) இரண்டும் தொட்டுக்கொண்டே இருப்பதால் குறி மாறி மாறித் திரும்பி, பந்து மட்டைக்குள்ளேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். தொட்டிருக்கிறது என்ற நிலையும் இப்போதுதான் தொட்டது என்ற நிகழ்வும் ஒன்றல்ல என்பதை அந்த நடுக்கம் விளங்கவைப்பதுபோல் எந்த விரிவுரையும் விளங்கவைப்பதில்லை. பந்து மட்டையை நோக்கி வரும்போது மட்டும் குறியை மாற்று என்ற ஒரு நிபந்தனை போதும், சிக்கல் தீர்ந்துவிடும். வேகத்தைக் கூட்டினால் அடுத்த சிக்கல் வரும்: பிரேமுக்கு 40 பிக்சல் நகரும் சிறு பந்து, 10 பிக்சல் தடிமனுள்ள மட்டையைத் தொடாமலே தாண்டிவிடக்கூடும்.

இதனால்தான் ஆயத்தக் கருவிகளைத் தொடக்கத்திலேயே கையில் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் உருவாக்க உதவும், 2007இல் வெளியான ஸ்க்ராட்ச் மிகச் சிறந்த கருவிதான். எனினும், ஓரத்தைத் தொட்டால் தானாகவே பந்தைத் திருப்பிவிடும் அதன் கட்டளையைச் சில நாட்களுக்கு ஒதுக்கிவைத்து, ஆயத்தொலைவுகளை மாணவரே ஒப்பிட்டுப் பார்க்கும்படி செய்வது நல்லது. படம் வரைவதிலும் ஒலி தேடுவதிலும் நேரத்தைச் செலவிட விடக்கூடாது. வெறும் செவ்வகங்கள் போதும்.

பல மதிப்புகளை ஒரே பெயரில் சேர்த்துவைக்கும் பட்டியல் என்ற கருத்தைக்கூட முன்கூட்டியே கற்பிக்கத் தேவையில்லை. இரண்டாவது பந்து வேண்டும் என்று மாணவர் கேட்கும்போது, பந்தின் இடத்தையும் வேகத்தையும் சேமித்துவைக்கும் மாறிகளின் பெயர்களுக்குப் பின்னால் 2 என்று சேர்த்து அவரே எழுதிக்கொள்ளட்டும். பத்துப் பந்துகள் வேண்டும் என்று அவர் கேட்கும் நாளில் பட்டியலைச் சொல்லிக்கொடுக்கலாம்.