செவலை ஒல்லிதானா?

மார்ச் 2, 2025, ஞாயிறு

லிஃப்டில் மூன்றாம் மாடி மாமி என் நாய் செவலையைப் பார்த்துவிட்டு, "ஏண்டிம்மா, எலும்பை எண்ணிடலாம் போலிருக்கே, வயித்துக்குப் போடறியோ இல்லியோ?" என்றார். எனக்குப் பழகிப்போன கேள்விதான். பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரே சிப்பிப்பாறை இவள். மற்றதெல்லாம் லேப்ரடார், பக், பொமரேனியன். வேட்டைக்கு ஓடப் பிறந்த நாய் இவற்றுக்கு நடுவே நின்றால் பஞ்சத்தில் அடிபட்டது போலத்தான் தெரியும். ஆனாலும் இத்தனை பேர் சொல்லும்போது ஒருமுறை சரியாகப் பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது.

சாயங்காலம் மாமி ஒரு டப்பா நெய் சாதம் கொடுத்தனுப்பினார், செவலைக்கு. நான் சாப்பிட்டேன்.

மார்ச் 5, புதன்

அவளைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன்: 76.3. இறக்கிவிட்டு நான் மட்டும்: 58.1. ஆக செவலை 18.2 கிலோ. சரி, இது கூடவா குறைவா? இணையத்தில் இனவாரியாக அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஒரே இனத்திலேயே உயரமும் எலும்பும் இவ்வளவு மாறும்போது அட்டவணை என்ன சொல்லிவிடும்?

வாட்ச்மேன் அண்ணாச்சிக்குக் கோவில்பட்டிப் பக்கம். "விலாவ ஏன் மேடம் பாக்கீங்க, தொடையப் பிடிச்சுப் பாருங்க" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

டாக்டரம்மாவும் அண்ணாச்சி சொன்னதையேதான் சொன்னார், கொஞ்சம் விவரமாக. எடையை விட உடல்வாகு முக்கியமாம். அதற்கு 1 முதல் 9 வரை மதிப்பெண். 4, 5 நல்லது, 1 எலும்பும் தோலும், 9 உருண்டை. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்கால் பக்கம் மேலேறிப் போக வேண்டும். மிச்சத்தைக் கைதான் சொல்ல வேண்டும். அடர்ந்த முடியுள்ள நாயில் கண்ணை நம்பவே கூடாது என்றார்.

என் கையையே வைத்துக் கற்றுக்கொடுத்தார். முஷ்டியை மடக்கி விரல் முட்டிகளைத் தடவிப் பார். விலா அப்படிக் கரடுமுரடாக இருந்தால் மெலிவு. கையை விரித்து, உள்ளங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்தை அழுத்து. எலும்பு அப்படிப் புதைந்திருந்தால் குண்டு. விரித்த கையின் புறங்கையைத் தடவினால் எலும்புகள் லேசான தோலுக்கடியில் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். அதுதான் சரி.

செவலையின் விலாவைத் தடவினேன். புறங்கையேதான். கடைசி இரண்டு மூன்று விலா வெளியே தெரிவதும், வயிறு ஒட்டி மேலேறியிருப்பதும் இந்த இனத்தின் வாகு. முதுகெலும்பின் இருபுறமும் தொடையிலும் தசை திரண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. திரண்டிருக்கிறது. மதிப்பெண் 4.

மாமியிடம் சொன்னேன். "ஒன்பதுக்கு நாலா? அப்போ ஃபெயில்தானே!"

மார்ச் 16, ஞாயிறு

கீழ்வீட்டு ப்ரூனோவை அவர்கள் அனுமதியோடு தடவிப் பார்த்தேன். விலா இருக்கிறது என்று நம்ப வேண்டியதுதான். லேப்ரடார், 41 கிலோ. அவனைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதில்லை. "ராஜா மாதிரி இருக்கான்" என்கிறார்கள். குண்டு நாயைப் பார்த்துப் பார்த்து அதுவே அளவு என்று நம் கண் பழகிவிட்டது.

அமெரிக்காவில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து வளர்த்து, பாதிக்கு மட்டும் 25 சதவீதம் தீனியைக் குறைத்துக் கொடுத்த ஆய்வு 2002இல் வெளியானது. ஒல்லிக்கூட்டம் கிட்டத்தட்ட 2 வருஷம் கூடுதலாக வாழ்ந்தது; மூட்டு வலியும் தாமதமாகத்தான் வந்தது. மறுபாதியும் ஒன்றும் ப்ரூனோ அளவுக்குப் பெருத்தவை இல்லை.

மே 18, ஞாயிறு

வெயிலில் எந்த நாயும் சரியாகச் சாப்பிடாதுதான். ஆனால் இன்று குளிப்பாட்டும்போது செவலையின் முதுகுத்தண்டு கையில் முடிச்சு முடிச்சாகத் தட்டியது. தொடை தொளதொள. எடை 17.1. பார்வைக்கு அதே நாய்தான். லிஃப்டில் யாரும் புதிதாக எதுவும் சொல்லவில்லை. ஈறு வெளுத்திருக்கிறது. காது மடலுக்குள் இரண்டு உண்ணி.

மே 20, செவ்வாய்

ரத்தத்தில் தட்டணுக்கள் குறைவு. உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் 28 நாள், சாப்பாட்டோடு. "எலும்பு தெரியுதேன்னு நெய்யை ஊத்தாதீங்க, நோய் போனா தசை தானா வரும்" என்றார் டாக்டரம்மா. வீட்டு மூலை முடுக்கெல்லாம் உண்ணி மருந்து அடித்தாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

17.9. தொடை இறுகி வருகிறது. மாடிப்படியில் என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

ப்ரூனோ வீட்டுக்காரர் தானாகவே வந்து எடை மெஷின் கேட்டார். அவனைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது, பழைய பேப்பர் கடைத் தராசுக்குத்தான் போக வேண்டும் என்றேன். டாக்டர் அவனுக்கு 8 போட்டிருக்கிறாராம். ஐந்துக்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 10 சதவீதம் கூடுதல் என்பது கணக்கு. அப்படியானால் அவன் 31, 32 கிலோவில் இருக்க வேண்டியவன். வாரத்துக்கு 400 கிராம் போல மெதுவாகக் குறைத்தால் போதுமாம். தின்பண்டம் நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாதாம். வீட்டில் நான்கு பேர், நால்வரும் தனித்தனியாக மாரி பிஸ்கட் போடுகிறார்கள். பாக்கெட்டை அவர் அலமாரியில் பூட்டிவிட்டார். சாவி பாட்டியிடம் இருக்கிறதாம்.