சிலாவோஸ் வெந்நீர்: பதினெட்டு நாள் கணக்கு

தைப்பூசக் காவடி இறக்கிய கையோடு சிலாவோஸ் மலைக்கு ஏறி, வெந்நீரில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு அன்றைக்கே இறங்கிவிடலாம் என்று, இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் தமிழ்க் குடும்பங்களில் ஒரு திட்டம் உருவாவதுண்டு. அந்த மாதமும் சரியில்லை, முழுக்கும் சரியில்லை. ஒரே நாள் என்பது எல்லாவற்றையும்விட மோசம்.

பத்ரிநாத் போகிறவர்கள் தப்த குண்டத்தில் நீராடிவிட்டுத்தான் பெருமாளைச் சேவிக்கிறார்கள். திருகோணமலைக் கன்னியாவில் ஏழு கிணறுகளிலிருந்தும் வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். அங்கெல்லாம் ஒரு முறை நனைந்தால் போதும். அது தீர்த்தம், பலன் நம்பிக்கையில் இருக்கிறது. சிலாவோஸ் தண்ணீருக்கு எந்தத் தெய்வத்தின் பெயரும் இல்லை. மண்டபம் இல்லை, படித்துறையும் இல்லை. டாக்டர் சீட்டோடு போகிற சிகிச்சை நிலையம் அது. ஆனாலும் பாஞ்சாலிக்குத் தீமிதிக்க நம்மவர்கள் காரேம் என்கிற விரதம் இருக்கிறார்களே, அந்தப் பதினெட்டு நாள் கணக்கு இங்கேயும் வருகிறது. பிரான்ஸின் மருத்துவக் காப்பீட்டில் வெந்நீர்ச் சிகிச்சை என்றால் 18 நாள்: வாரத்துக்கு ஆறு நாள் குளியல், ஒரு நாள் ஓய்வு, மொத்தம் மூன்று வாரம். பாரதப் போருக்கும் பதினெட்டு நாள்தான். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் விரதம் இருந்து பழகியவர்களுக்கு இந்தச் சிகிச்சையின் ஒழுங்கு மற்றவர்களைவிட எளிதில் பிடிபடும். நடுவில் விட்டால் விரதம் முறிந்துவிடுகிற மாதிரி, நடுவில் இறங்கிவிட்டால் காப்பீட்டுப் பணமும் கைக்கு வராமல் போகலாம்.

பயணத்தைச் சேன்-பியேரில் உள்ள நரசிங்கப் பெருமாள் கோவிலில் தொடங்குவது வசதி. காலை அபிஷேகம் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊரான சேன்-லூயிக்கு வந்தால் கோல் சர்க்கரை ஆலையின் புகைபோக்கி தெரியும். தீவில் இன்னும் ஓடுகிற ஆலைகள் இரண்டு. இது ஒன்று, சேன்த்-ஆந்த்ரே பக்கத்து புவா-ரூஜ் மற்றொன்று. 1828 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்கள் கோவில்களைப் பெரும்பாலும் ஆலைகளை ஒட்டியே கட்டினார்கள். அவர்கள் காலத்தில் சிலாவோஸ் வெந்நீர் பணக்காரர்களுக்கானது. கார்ப் பாதை 1932இல்தான் வந்தது. அதற்கு முன் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள். உட்கார்ந்திருந்தவர் யார், தூக்கியவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

சேன்-லூயியிலிருந்து சிலாவோஸ் 37 கி.மீ. கேட்க ஒன்றுமில்லை, ஆனால் ‘400 வளைவுப் பாதை’ என்பது இதற்கு ஊரார் வைத்த பெயர். கார் ஒன்று மட்டும் நுழையக்கூடிய சுரங்கங்கள் உண்டு. நுழையுமுன் ஹாரன் அடித்து, எதிரே வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பஸ்ஸில் போகிறவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள். வயிறு முட்டப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பாதி வழியில் வெளியே வந்துவிடும். வெறும் வயிறும் ஆகாது. இரண்டு வாழைப்பழமும் ஒரு துண்டு இஞ்சியும் போதும்.

மாதத்தைப் பற்றிச் சொன்னேன். தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். அது புயல் பருவம். இந்தத் தீவின் மழை சாதாரண மழையில்லை: 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்னும் இடத்தில் 24 மணி நேரத்தில் 1825 மி.மீ. கொட்டியது உலகச் சாதனை. பெருமழை பெய்தால் சிலாவோஸ் பாதையில் பாறை விழும், பாதையை மூடுவார்கள், மேலே இருப்பவர்கள் மேலேயே மாட்டிக்கொள்வார்கள். சிகிச்சைக்கு மே முதல் அக்டோபர் வரை நல்லது. ஊர் 1200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜூன், ஜூலை இரவுகள் நன்றாகவே குளிரும். கரையோரத்தில் ஸ்வெட்டரே போடாதவர்களும் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். வெந்நீரிலிருந்து எழுந்து ஈரத்தோடு குளிர்காற்றில் நின்றால், இளகிய தசை மறுபடி இறுகிக்கொள்ளும்.

ஊற்றுகளை 1815இல் கண்டுபிடித்தவர் போலேன் தெஷே என்கிற ஆட்டு வேட்டைக்காரர். பித்தோன்-தெ-நேஜ் மலை பழைய எரிமலை. இப்போது தூங்குகிறது, ஆனால் அடிவயிற்றில் சூடு இருக்கிறது. பாறை இடுக்குகளில் இறங்கும் மழைநீர் அந்தச் சூட்டையும் கரியமில வாயுவையும் உப்புகளையும் வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. ஊற்றுக்கு ஊற்று வேறுபட்டு, ஏறக்குறைய 31 முதல் 38 டிகிரி வரை இருக்கும். சோடியம் பைகார்பனேட் கலந்த நீர். கந்தக ஊற்றுகளில் அடிக்கும் முட்டை நாற்றம் இதில் இல்லை. கொதிநீரை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் உடம்புச் சூட்டை ஒட்டிய நீர்தான் நீண்ட சிகிச்சைக்கு ஏற்றது. நாற்பதைத் தாண்டினால் இதயத்துக்குச் சுமை.

ஊற்றுகளுக்கு நிரந்தரம் கிடையாது. 1948 புயல் சிலாவோஸின் பழைய குளியல் கட்டடத்தை அழித்தது. இப்போதுள்ள நிலையத்துக்கு இரேனே அக்கோ என்று பெயர்; மூட்டு நோய்களுக்கும் செரிமானக் கோளாறுகளுக்கும் சிகிச்சை தருகிறார்கள். இதுபோன்ற நிலையங்கள் பராமரிப்புக்காக மூடப்படும் காலங்கள் உண்டு. போன் போட்டு இடம் உறுதியான பிறகே மலை ஏறுங்கள்.

குளியலறைக்குள் நடப்பது இது. முதல் நாள் நிலையத்து மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்து, எந்தச் சிகிச்சை, எத்தனை நிமிடம் என்று அட்டையில் எழுதுவார். குளியல் வழக்கமாகக் காலையில். சோப்புப் போட்டு ஷவரில் குளித்துவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். தலையில் நல்லெண்ணெய், நெற்றியில் திருநீறு, உடம்பில் மஞ்சள் எதுவும் கூடாது. எண்ணெய் குழாய் வடிகட்டியை அடைக்கும். கிருமி ஒட்டி வளர இடமும் கொடுக்கும். வேட்டி, புடவை, தொளதொளத்த அரைக்கால் சட்டை அனுமதியில்லை. உடம்போடு ஒட்டிய நீச்சலுடை, தொப்பி, ரப்பர் செருப்பு, பெரிய துவாலை கொண்டுபோங்கள். நம் வயதான பெண்கள் பலர் இந்த உடை விஷயத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். முழங்கால் வரை மூடும் இறுக்கமான நீச்சலுடை ஏற்றுக்கொள்ளப்படுமா என்று முன்பதிவின்போதே கேட்டுவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை.

தொட்டியில் முதல் நாள் 10 நிமிடம், பழகியபின் 15, அதிகம் போனால் 20. கழுத்தளவு நீரில் உடம்பின் எடை பத்தில் ஒரு பங்காகத்தான் உணரப்படும். தேய்ந்த முழங்காலுக்கு அதுவே முதல் நிம்மதி. தோலில் முத்துமுத்தாக ஒட்டும் கரியமில வாயுக் குமிழ்களைத் தட்டிவிடாமல் அசையாமல் இருங்கள். அந்த வாயு தோலுக்குள் ஊறி மெல்லிய இரத்தக் குழாய்களை விரிக்கிறது. தோல் சிவப்பது அதனால்தான். அதே காரணத்தால் எழும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கைப்பிடியைப் பிடித்து, முதலில் உட்கார்ந்து, அரை நிமிடம் கழித்து எழுந்திருங்கள். இந்த எழும் நேரத்தில்தான் வழுக்கலும் மயக்கமும் வரக்கூடும். பிறகு துவாலை போர்த்தி அரை மணி படுத்திருக்க வேண்டும். அதைச் சிகிச்சையின் பாதி என்றே சொல்லலாம். கோவில் பார்க்கும் அவசரத்தில் வெட்டிவிடக் கூடாது.

ஐந்தாம், ஆறாம் நாள் வாக்கில் சிலருக்கு வலி குறையாமல் கூடும். அசதி, தூக்கக் கெடுதல், எரிச்சல் வரும். வெந்நீர் வைத்தியத்தில் எல்லாருக்கும் தெரிந்த கட்டம் இது. மருத்துவரிடம் சொன்னால் நேரத்தைக் குறைப்பார், ஒரு நாள் இடைவெளி விடுவார். ‘தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று இந்தச் சமயத்தில் இறங்கிப் போகிறவர்கள் உண்டு. பலன் பெரும்பாலும் பதினெட்டு நாள் முடிந்து சில வாரங்கள் கழித்தே தெரிய ஆரம்பிக்கும், சில மாதங்கள் நிற்கும். தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி வளராது. வலியும் விறைப்பும் குறையும், மாத்திரை குறையலாம், அவ்வளவுதான். அதற்குமேல் வாக்குக் கொடுக்கிறவர்களை நம்பாதீர்கள்.

இனி விரதம் இருப்பவர்களுக்கு. அலகு குத்திய கன்னம், முள் மாட்டிய முதுகு, பூக்குழியில் கொப்புளித்த பாதம் இவை முழுதாக ஆறி, பொருக்கு உதிரும் வரை தொட்டிக்குள் இறங்கக் கூடாது. வெதுவெதுப்பான நீர் கிருமிக்கும் பிடித்த இடம். அம்மன் காப்பாள் என்பது பக்தி. அடுத்து அதே குளத்தில் இறங்குகிறவருக்கும் அவள்தான் அம்மன்.

ஒருபொழுது இருந்துகொண்டு வெந்நீரில் கிடப்பதும் ஆபத்து. இந்தத் தீவில் சர்க்கரை நோய் மிக அதிகம். வயிறு காலி, மாத்திரை உள்ளே, வெளியே சூடு என்று மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை அதிவேகமாக இறங்கும். இன்சுலின் போட்ட இடம் சூடானால் மருந்து இன்னும் சீக்கிரம் இரத்தத்தில் கலக்கும். குளியலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி அளவாவது சாப்பிட்டிருக்க வேண்டும். பால் பழ விரதம் என்றால் பாலும் பழமும் கட்டாயம். பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் சூடான சேற்றுப் பற்று, வெந்நீர் ஒத்தடம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சுட்டது தெரியாது, புண்தான் தெரியும். காய்ச்சல், கட்டுப்படாத இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, காலில் இரத்தக் கட்டி, வீங்கிச் சிவந்த மூட்டு, கர்ப்பம் இருந்தால் டாக்டர் சம்மதம் இல்லாமல் தொட்டிப் பக்கம் போகாதீர்கள்.

முழுக்கு என்பது தலையும் மூக்கும் நீருக்குள் போவது. நிலையத்தின் கண்காணிக்கப்படும் தொட்டியிலேயே தலையை முக்க வேண்டியதில்லை. ஆற்றோரப் பாறைகளுக்கிடையே தேங்கும் வெதுவெதுப்பான குட்டைகளிலோ கூடவே கூடாது. வெந்நீர்க் குட்டைகளில் வாழக்கூடிய நேக்லேரியா என்கிற அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறும். பிரான்ஸின் மற்றொரு தீவான குவாதலூப்பில் 2008இல் வெந்நீர் ஊற்றில் குளித்த ஒரு சிறுவன் இதனால் இறந்தான். நீரைக் குடித்தால் இந்த அமீபா பாதிப்பதில்லை. மூக்குக்குள் ஏறுவதுதான் ஆபத்து. சங்கல்பம் செய்துகொண்டு நீராட வேண்டும் என்றால், கையில் அள்ளித் தோளில் ஊற்றிக்கொள்ளுங்கள். தலைக்கு அறைக் குழாய்த் தண்ணீர் இருக்கிறது. நீரைத் தெளித்துக்கொள்ளும் புரோட்சணம் என்று நம் சாஸ்திரத்திலேயே வழி உண்டு.

தீர்த்தம் என்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு இறங்குவதிலும் பயனில்லை. வாயு பறந்துவிடும், மூன்றாம் நாள் அடியில் துருநிறத்தில் வண்டல் படியும். நீரிலுள்ள இரும்பு காற்றுப் பட்டுத் துருவாவதுதான் அது. குங்குமம் கரைந்த அதிசயமாக அதை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிலாவோஸுக்குக் கீழே ப்ரா-ரூஜ் ஓடையின் செந்நிறப் பாறைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குடிநீர்ச் சிகிச்சை அளந்த டம்ளரில், மருத்துவர் சொன்னபடி மட்டுமே. சோடியம் இருப்பதால் சிறுநீரக நோயாளிகளும் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் தாங்களாகக் குடிக்கக் கூடாது.

காகித வேலை: உங்கள் டாக்டர் சீட்டு எழுதி, காப்பீட்டு அலுவலகத்தின் ஒப்புதல் வந்த பிறகே போங்கள். குளியல் கட்டணத்தில் 65 சதவீதம் திரும்பக் கிடைக்கும்; மீதியைத் துணைக் காப்பீடு இருந்தால் அது பார்த்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒரு முறைதான்.

சாப்பாட்டில் மலையின் பெருமை சிலாவோஸ் பயறு. சோறு, பயறுக் குழம்பு, சௌசௌக் கீரை, தக்காளி ருகாய் என்கிற காரத் துவையல் இருந்தால் சைவ விரதம் குறைவில்லாமல் நடக்கும். ஆனால் பயற்றில் வாசனைக்காகப் புகானே என்கிற புகையூட்டிய பன்றி இறைச்சி போடும் வீடுகளும் கடைகளும் உண்டு, பார்த்தால் தெரியாது. ‘சான் வியாந்த்’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் சிலர் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் குழம்பைத் தருவார்கள். ‘சான் புகானே’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று வாரத்துக்குச் சமையலறையுள்ள வீடு எடுத்துத் தங்குவது விரதக்காரர்களுக்கு மேல்.

ஓய்வு நாளில் எங்கே போவது? சாலாஸி பள்ளத்தாக்கிலுள்ள எல்-பூர் கிராமத்தை எல்லாரும் சொல்வார்கள். அங்கே ஊற்று 1831இல் தெரிந்தது, 32 டிகிரி. 1948 புயலுக்குப் பின் அது நின்றுவிட்டது. பாசி படிந்த குளியல் தொட்டிகளின் இடிபாடு மட்டும் மிச்சம். சிலாவோஸிலிருந்து தீவையே சுற்றிக்கொண்டு போகும் தொலைவு அது, ஓய்வு நாளுக்கு ஆகாது. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியபின், சேன்த்-ஆந்த்ரேயில் கொலோஸ் கோவிலைத் தரிசித்துவிட்டு அங்கிருந்து ஏறினால் அரை நாள் வேலை. ஓய்வு நாளில் சிலாவோஸிலேயே இருங்கள். ஊரைச் சமதரையில் அரை மணி நடந்து வந்தால் போதும், முழங்காலுக்கும் அதுதான் வேண்டும்.

பதினெட்டாம் நாள் மருத்துவர் கையெழுத்துப் போட்ட தாளை வாங்க மறந்துவிடாதீர்கள். இறங்கும்போதும் அதே வளைவுகள். அன்று மாலையே சேன்-பியேரில் பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட தேங்காயை உடைக்கலாம். ஆனால் குளித்த அன்றே நீண்ட நேரம் நின்று தரிசிப்பதைவிட, மறுநாள் காலை போவது காலுக்கு நல்லது.