கோடு மட்டும் வந்த எல்டிஎல் அறிக்கையும் உணவு மாற்றமும்

சர்க்கரையும் தைராய்டும் இரத்த அழுத்தமும் சரியாக இருந்ததால், கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை தொடங்குவதற்கு முன் மூன்று மாதம் உணவை மாற்றிப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அவருடைய அறையில் எல்லாம் எளிதாகவே முடிந்தன. அலைச்சல் முழுவதும் ஆய்வகத்திலும் உணவு ஆலோசனைப் பிரிவிலும்தான்.

லிப்பிட் புரொஃபைல் என்ற இரத்தக் கொழுப்புப் பரிசோதனைக்காக 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து இரத்தம் கொடுத்தேன். அறிக்கையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 262, இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 438, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல் 36 என்றிருந்தன. முக்கியமான எல்டிஎல், அதாவது 'கெட்ட கொலஸ்ட்ரால்' வரியில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள். காரணம் கேட்டபோது, "மெஷின்ல அப்படித்தான் சார் வரும், டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று கவுன்டரில் இருந்தவர் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை என்றும், மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தே சொல்கின்றன என்றும், டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது என்றும் மருத்துவர்தான் விளக்கினார். திரும்பிப் போனால், பழைய இரத்தத்தை வைத்திருக்கவில்லை என்றார்கள். மறுபடியும் பட்டினி, மறுபடியும் பணம். நேரடிப் பரிசோதனையில் எல்டிஎல் 158 என்று வந்தது. டிரைகிளிசரைடு அதிகம் என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள், பில் போடும்போதே 'டைரக்ட் எல்டிஎல்' வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

உணவு ஆலோசனைப் பிரிவில் கிடைத்ததோ ஆங்கிலத்தில் இருந்த ஓர் ஒளிநகல்: ஆலிவ் எண்ணெய், அவகேடோ, சால்மன் மீன், கினோவா. எங்கள் வீட்டில் இட்லியும் சோறும் குழம்பும்தான் என்று சொன்னதற்கு, "அப்ப ரெண்டு வேளை ஓட்ஸ் குடிங்க சார்" என்பதோடு ஆலோசனை முடிந்துவிட்டது. இதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. மதுரையில் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஒருவர் கையில் அந்தத் தாளைக் கொடுத்தால், நல்ல உணவு தமக்கு எட்டாதது என்றுதானே அவர் முடிவு செய்வார்?

என் மனைவியும் நானும் உட்கார்ந்து எங்கள் அடுப்படியையே பார்த்தோம். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் ஏறக்குறைய பாதி, எல்டிஎல்லைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். அவற்றுக்கு மாறி, ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று அளந்து வைத்தோம். பாக்கெட்டின் மேல் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சிட்டிருப்பதை நம்பி எதையும் வாங்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. பார்க்க வேண்டியது பின்பக்கத்தில் உள்ள நிறைவுற்ற கொழுப்பின் அளவு. வனஸ்பதி சேர்த்துச் செய்யும் பேக்கரி பஃப்ஸிலும் அதே கவனம் வேண்டும். 2022 முதல் எண்ணெயிலும் வனஸ்பதியிலும் இதயத்துக்கு இன்னும் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தாலும், வனஸ்பதியில் நிறைவுற்ற கொழுப்பு அப்படியேதான் இருக்கிறது.

டிரைகிளிசரைடுக்காக இரவுப் பரோட்டாவையும் காபியில் சர்க்கரையையும் நிறுத்தி, சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்டினேன். மாலையில் கொண்டைக்கடலை அல்லது தட்டைப்பயறுச் சுண்டல், மதியம் வெண்டைக்காயோ அவரைக்காயோ, வாரத்தில் இரண்டு முறை மத்தி மீன் குழம்பு, மீனைப் பொரிப்பதில்லை. பயறிலும் வெண்டைக்காயிலும் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுவதால், புதிதாகப் பித்த அமிலம் செய்யக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. இந்த விளக்கம் புரிந்த பிறகு சுண்டல் எனக்குச் சலிக்கவே இல்லை.

மறுபரிசோதனைக்குப் போய் 'டைரக்ட் எல்டிஎல்' கேட்டபோது அப்படி ஒரு டெஸ்டே இல்லை என்றார் அதே கவுன்டர்க்காரர். பழைய பில்லை எடுத்துக் காட்டியதும் மறுபேச்சின்றிப் பதிந்தார். இம்முறை டிரைகிளிசரைடு 196, எல்டிஎல் 124, எச்டிஎல் 39. இன்னும் இலக்கைத் தொடவில்லையென்றாலும் மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றும் மருத்துவர் சொன்னபோது மனம் நிறைந்தது.

இதைப் படித்துவிட்டு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை ஏற்கெனவே எடுத்துக்கொள்பவர்கள் தாமாக அதை நிறுத்திவிட வேண்டாம். மாரடைப்பு வந்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கணக்கு வேறு. எல்டிஎல் 190ஐத் தாண்டியிருந்தால் அது பரம்பரையாக வருவதாகவும் இருக்கலாம். அதற்கு உணவு மட்டும் போதாது, வீட்டில் மற்றவர்களுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள்.