பகல்ல மிஞ்சுது, இரவில காணாது

2025 சித்திரைப் புதுவருச லீவுக்க, கூரையில சோலர் போட்ட ஆக்களிட்ட பின்னேரம் 3 மணி வரைக்கும் அதை நிப்பாட்டி வையுங்கோ எண்டு இலங்கை மின்சார சபை கேட்டது ஞாபகம் இருக்கோ? ஃபக்டரியள் பூட்டு, ஒபிஸ் பூட்டு, வெயில் கொளுத்துது, வாற கரண்டை எடுக்க ஆளில்லை. இதே நாடுதான் இருட்டினாப் பிறகு எண்ணெய் எரிச்சு சமாளிக்குது. எனக்கு இண்டைக்கும் மனசு ஆறாத விசயம் இது.

நாங்கள் கரண்டைப் பற்றிக் கதைச்சா விலை ஏறினது இறங்கினது பற்றித்தான் கதைக்கிறம், அது பிழையுமில்லை, 2022 ஓகஸ்டில 75 வீதம் ஏத்தினவை, 2023 பெப்ரவரியில அதுக்கு மேல இன்னொரு 66, பிறகு 2024இல ரெண்டு தரம் 20 வீதத்துக்கு மேல குறைச்சு, 2025 ஜனவரியில 20 குறைச்சு, ஜூன்ல திரும்ப 15 ஏத்தினவை. இப்பிடி ஆடினா எந்தக் குடும்பம் மாசச் செலவைக் கணக்குப் பார்க்கிறது?

இந்த ஆட்டத்துக்குக் காரணம் பெரிய ரகசியமில்லை. மலைநாட்டில நல்லா மழை பெஞ்சு காசல்றீ, மவுஸ்ஸாக்கலை, விக்டோரியா நீர்த்தேக்கம் எல்லாம் நிரம்பினா கரண்ட் மலிவு. மழை பொய்ச்சா நிலக்கரியும் எண்ணெயும், ரெண்டுக்கும் டொலர் வேணும். நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தில 900 மெகாவாட் இருக்கு, ஆனா தென்மேல் பருவக்காத்து நேரம் கடல் கொந்தளிப்பில அங்க நிலக்கரி இறக்கேலாது, அதனால முன்கூட்டியே வாங்கிக் குவிக்க வேணும். டொலர் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு 2022 மார்ச் 31 காட்டினது, ஒரே நாளில 13 மணித்தியாலக் கட். மன்னார்க் கடலில 2011இல காஸ் கண்டுபிடிச்சது, இன்னும் ஒரு சொட்டும் வெளியில வரேல்ல.

சோலர் வந்தது நல்ல விசயம், அதில மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா சூரியன் போற நேரத்திலதான் சனம் வீட்டுக்கு வருது. வெள்ளவத்தையில ஏழு மணிக்கு ஒரு ஃபிளாட்டுக்க நிண்டு பாருங்கோ, லிஃப்ட் ஓடுது, தண்ணி மோட்டர் ஓடுது, ஒவ்வொரு வீட்டிலயும் ரைஸ் குக்கர், பிள்ளையள் படிக்கிற அறையில ஏசி. ஆறரையில இருந்து பத்தரை வரைக்கும்தான் பீக். அந்த நாலு மணித்தியாலத்துக்குத்தான் விலை கூடின மெஷின்களை ஓட விடுறது, அந்தச் செலவு எல்லாற்ற பில்லிலயும் கலந்து வருது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க கரண்ட் போனப்போ எல்லாரும் பாணந்துறை உபமின் நிலையத்துக்குள்ள பூந்த குரங்கைப் பற்றித்தான் கதைச்சது. ஆனா அண்டைக்கு சோலர் கரண்ட் கூடுதல், பாவனை குறைவு, லைனை நிதானமா வைச்சிருக்கிற பெரிய சுழலுற மெஷின்கள் கொஞ்சம்தான் ஓடிக்கொண்டிருந்தது, அப்பிடியான நேரத்தில சின்ன அடி விழுந்தாலும் லைன் தாங்காது. நுரைச்சோலையும் நிண்டுபோய் அடுத்தடுத்த நாளிலயும் கட். கதைச்சிருக்க வேண்டியது லைன் ஏன் தாங்கேல்ல எண்டதைப் பற்றி.

சோலர் போடச் சொந்தக் கூரை இல்லாத ஆக்கள் என்ன செய்யிறது? எங்கட பக்கத்தில ஒரு வீட்டை மூண்டு அனெக்ஸா பிரிச்சு வாடகைக்கு விட்டிருப்பினம், மெயின் மீற்றர் ஒண்டுதான். எரிக்கிற யூனிட் கூடக் கூட விலையும் பிளொக் பிளொக்கா ஏறும், ஒவ்வொரு குடும்பமும் 65 யூனிட் எரிச்சாக் கூட மொத்தம் 195, அதாவது 180ஐத் தாண்டி ஆகக் கூடின விலைக்குள்ள போயாச்சு, 60ஐத் தாண்டினவுடனயே முதல் யூனிட்டுகளுக்கான மலிவு விலையும் போயிடும். மாசக் கடைசியில வீட்டுக்கார அன்ரி கொப்பியோட வந்து படிக்குக் கீழ இருக்கிற சப் மீற்றரை டோர்ச் அடிச்சுப் பார்த்து எழுதுவா, யூனிட்டுக்கு ஒரே விலை, அதுவும் மேல் விலை. ஏழை வீடு பணக்கார வீட்டு விலை கட்டுது, இது அநியாயம்.

செய்ய வேண்டியது தெரியும். பகல் கரண்டைச் சேமிக்கப் பற்றரி, மஹா ஓயாவில தண்ணியை மேல ஏத்தி வைச்சு இரவில இறக்குற 600 மெகாவாட் திட்டம், இருட்டிலயும் வீசுற மன்னார்க் காத்து. ஆனா மன்னார்ச் சனம் 2025இல காத்தாலைத் தூண்களுக்கு எதிரா ரோட்டுக்கு இறங்கிச்சுது, அதுகளால மழைத் தண்ணி ஓட வழியில்லாம வீட்டு வாசலில நிக்குது எண்டு சொல்லினம், அவையோட இருந்து கதைக்காம தூண் நட வேண்டாம், அது எங்கட சனம். 2030இல 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி எண்டு சொல்லினம், சேமிக்க இடமில்லாம அந்த 70ஐ எங்க கொண்டுபோய் வைக்கிறது?

விலை மாத்துறதுக்கு முதல் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சனத்திட்ட கருத்துக் கேக்கும், ஆரும் எழுதலாம். அடுத்த தரம் நான் எழுதுறது ரெண்டு விசயம்: ஒரு மீற்றரில பல குடும்பம் இருந்தா பிளொக்கைப் பிரிச்சுக் கணக்குப் போடுங்கோ, வோஷிங் மெஷினை மத்தியானம் போடுற வீட்டுக்கு அந்த நேரத்து விலையைக் குறைச்சுக் குடுங்கோ. அனெக்ஸில இருக்கிறவை நீங்களும் உங்கட பில்லோட எழுதுங்கோ.