ஒன்றரை மணி நேர வேலை, ஒரு வார இழுவை

போன வருடம் மேலிடத்திலிருந்து ஒரு வேலை வந்தது. என் சாஃப்ட்வேர் டீமில் யார் மாதத்துக்கு எத்தனை கமிட் (பதிவு செய்யும் நிரல் மாற்றம்) போடுகிறார்கள், எத்தனை ஸ்டோரி பாயிண்ட் (வேலையின் அளவுக்குத் தரும் புள்ளி) முடிக்கிறார்கள் என்று அட்டவணை போட்டுத் தர வேண்டும். தந்தேன். அதில் கடைசி இடத்தில் இருந்தவரிடம்தான் சிக்கல் என்றால் நாங்கள் எல்லோரும் முதலில் ஓடுவோம். மற்றவர்கள் எழுதிய நிரலைப் படித்து ரிவ்யூ செய்வதிலும், புதிதாகச் சேர்ந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதிலுமே அவருக்குப் பாதி நாள் போய்விடும். அந்த மாதம் யாரும் பயன்படுத்தாத பழைய நிரலையும் நிறைய நீக்கியிருந்தார். அதற்கெல்லாம் அட்டவணையில் கட்டமே இல்லை. அதை அப்படியே அனுப்பியது இன்றும் உறுத்துகிறது.

1982-இல் ஆப்பிளின் லிசா கணினியை உருவாக்கியவர்களிடமும் வாராவாரம் எத்தனை வரி நிரல் எழுதினீர்கள் என்று படிவத்தில் கேட்டார்கள். திரையில் படம் வரையும் நிரலான குயிக்டிராவின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி வேகத்தைக் கூட்டியிருந்த பில் அட்கின்சன், அதில் சுமார் 2000 வரிகள் குறைந்ததால், -2000 என்று நிரப்பிக் கொடுத்தார்.

அப்புறம் ஆட்களை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரே ஒரு டிக்கெட்டின் (செய்ய வேண்டிய ஒரு வேலைக்கான பதிவு) பின்னால் போய்ப் பார்த்தேன். மாற்றம் 14 வரி. எழுத ஒன்றரை மணி நேரம். திங்கள் காலை 11 மணிக்குப் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) திறந்தாயிற்று. முதல் கமெண்ட் வந்ததோ புதன் மாலை. வியாழன் திருத்திப் போட்டால், நிரலைத் தானாகச் சோதிக்கும் டெஸ்டுகளில் சம்பந்தமே இல்லாத ஒன்று ஃபெயில். ஒரு வரியும் மாற்றாமல் மறுபடி ஓட்டினால் பாஸ். ஒவ்வொரு முறை ஓட்டவும் 40 நிமிடம். வெள்ளிக்கிழமை நாங்கள் ரிலீஸ் செய்வதில்லை, ஆகவே அடுத்த திங்கள்தான் வெளியே போனது.

சாஃப்ட்வேர் டீம்களின் வேலையை ஆராயும் டோரா (DORA) ஆய்வுக் குழு முன்வைத்த நான்கு அளவுகளில் ஒன்று இதுதான்: கமிட் செய்த மாற்றம் பயனர் கைக்குப் போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகிறது. எத்தனை முறை ரிலீஸ், அதில் எத்தனை கோளாறாகிறது, மீள எவ்வளவு நேரம் என்பவை மற்ற மூன்று. தனி ஆளின் பெயர் எதிலும் வராது. எனக்கு இவற்றின் மேல் நம்பிக்கை வந்ததே அதனால்தான்.

சரி, என்ன செய்தோம்? காலையில் சொந்த வேலையைத் தொடும் முன், காத்திருக்கும் ரிவ்யூக்களை முடிப்பது என்று பேசி வைத்துக்கொண்டோம். இப்போது பெரும்பாலும் அன்றைக்கே பதில் வந்துவிடுகிறது.

அந்த டெஸ்டுக்குத்தான் இரண்டு நாள் பிடித்தது. இரண்டு டெஸ்டுகள் டேட்டாபேஸில் ஒரே பதிவைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஓடும் வரிசை மாறினால் ஒன்று விழும். கண்டுபிடித்தவர், அட்டவணையில் கடைசியில் இருந்த அவரேதான். அந்த இரண்டு நாளில் அவர் போட்டது ஒரே ஒரு கமிட்.

இந்த மாத அறிக்கையில் பெயர்களை எடுத்துவிட்டேன். புல் ரிக்வெஸ்டுகள் காத்திருந்த நேரம் மட்டும் இருக்கிறது. கூடவே அந்த ஒரு கமிட்டைப் பற்றி ஒரு பத்தி.