பிரேக்கை விடுவித்தவர்

ஜூன் 3, மார்த்தாண்டம்

சித்தப்பாவின் பிளாக் கைக்கு வந்துவிட்டது. நுரையீரலில் எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்த சின்னக் கட்டி. உள்ளே அரிசிக் குருணை அளவுக்கு வெளிறிய ஒரு பொட்டு. புற்றுநோய் செல்லின் மேல் பிடி-எல்1 என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனைக்காகத் திருவனந்தபுரத்து லேபில் கொடுத்தேன். களியக்காவிளை தாண்டி பஸ் நிற்கும்வரை பையை மடியைவிட்டு இறக்கவில்லை.

ஜூன் 5

டாக்டர் சொன்ன இம்யூனோதெரபியை, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றின்மேல் ஏவும் சிகிச்சையைப் பற்றி, "இதுவும் கீமோதானே மக்ளே?" என்று கேட்டார் சித்தப்பா. இல்லை என்று, இதற்கு வழி திறந்த அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஆலிசனிலிருந்து தொடங்கினேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் டி செல் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணு) பாடம் நடத்துகிறேன். இன்றைக்குத்தான் தொண்டை அடைத்தது.

புற்றுநோய் செல்லைக் கொல்லும் திறமை நம் டி செல்லுக்கே உண்டு. அதன் மேலிருக்கும் சிடிஎல்ஏ-4 என்ற புரதம் பிரேக் போட்டு அதை நிறுத்திவிடுகிறது. உடம்பு தன்னையே தாக்கும் நோய்களுக்கு இந்தப் பிரேக் உதவுமா என்று மற்றவர்கள் பார்த்தார்கள். ஆலிசன் அதை விடுவிக்கப் பார்த்தார். 1994 கடைசியில், கட்டி வந்த எலிகளுக்கு அந்தப் புரதத்தை மறிக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்தார்கள். கட்டி கரைந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை என்றுகூடப் பாராமல் உடனே மறுபடி செய்தார்கள். அப்போதும் கரைந்தது!

அதன்பிறகும் மருந்துக் கம்பெனிகள் பெரிதாக அக்கறை காட்டவில்லை. சிடிஎல்ஏ-4-ஐ மறிக்கும் இபிலிமுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2011-இல்தான். அத்தனை வருஷம் அவர் விடாமல் நின்றதுதான் எனக்கு நோபலைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

சித்தப்பாவுக்குப் பேசிக்கொண்டிருப்பது இன்னொரு பிரேக்: பிடி-1. 1992-இல் ஜப்பானில் தசுகு ஹோன்ஜோ கண்டுபிடித்தது. கட்டி தன்மேல் பிடி-எல்1 வைத்துக்கொண்டு டி செல்லின் பிடி-1-ஐ அழுத்திப் பிடிக்கும். 2018 நோபல் இருவருக்கும் சேர்த்து.

"எலியெல்லாம் பிழைச்சுதா?" என்றார். பிழைத்தது என்றேன்.

ஜூன் 14

ரிசல்ட் வந்தது. நூற்றுக்கு அறுபது புற்றுநோய் செல்களில் பிடி-எல்1 இருக்கிறது. கீமோ இல்லாமல் இம்யூனோதெரபி மட்டுமே கொடுத்துப் பார்க்கலாமாம். எல்லோருக்கும் இந்த மருந்து கேட்காது என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. பிரேக் விட்ட டி செல் குடல், தைராய்டு, நல்ல நுரையீரல் எதன்மேலும் பாயலாம். "வயிற்றால் போனால் உடனே கூப்பிடுங்க. கடையில மாத்திரை வாங்கிப் போட்டு நிறுத்தாதீங்க."

சித்தப்பா காய்ச்சலைக்கூட மறைக்கிற ஆள். சித்தியிடம் தனியாகச் சொல்லி, நம்பரைக் காலண்டரில் பெரிதாக எழுதினேன்.

ஜூன் 18

முதல் டோஸ் ஏறியது. டிரிப்ஸில் அரை மணி நேரம்தான். அடுத்தது மூன்று வாரம் கழித்து. அதற்குள் தைராய்டு டெஸ்ட் எடுக்க வேண்டும். அதற்கான ரத்தத்தை மார்த்தாண்டத்திலேயே கொடுக்கலாம் என்றார் சிஸ்டர்.